பறக்காமல் இருந்த நாள்

யூன் 11, நுவரெலியா, முற்பகல்

இல்லை, பறக்கவில்லை. பறக்கக்கூடாது என்பதற்காகத்தான் இங்கே வந்தோம்.

காலையிலிருந்து கேட்கிற எல்லோருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது எனக்கே அது பொய் போலக் கேட்கிறது.

ஆஸ்பத்திரி நடைவழி வாங்கு ஒன்றில் இருந்து எழுதுகிறேன். வெளியே மழையா பனிப்புகாரா என்று தெரியாத ஒன்று. கதவுக்கு அந்தப் பக்கம் ஆரூரன். என் கணவர். இந்தச் சொல்லுக்கு வயது ஐந்து கிழமை. இன்னும் வேறு யாருடையவோ கணவர் போலத்தான் இருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதினால் விளங்கலாம்.

நேற்று முற்பகல் வரை நாங்கள் திருகோணமலைக் கடலுக்குள் இருந்தோம். ஆரூரன் கனடாவில், ஓர் ஏரியில், காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு சுழியோடப் பழகியவர். கலியாணத்துக்கு வந்த இடத்தில் என்னையும் பழகச் சொன்னார். பழகினேன். கடைசி இரண்டு நாளும் மூழ்கிக் கிடக்கும் கப்பல் ஒன்றைப் பார்க்கத் திரும்பத் திரும்ப இறங்கினோம். அவர் அதன் அடிவயிறு வரை போனார். நான் அதன் முதுகோடு நின்றுவிட்டேன்.

நேற்றிரவு அவருக்கு ரொறன்ரோவுக்கு விமானம். சுழியோடிய கையோடு பறந்தால் உடம்பில் கரைந்திருக்கும் காற்று குமிழியாகக் கிளம்பும் என்று அவருக்குத் தெரியும். அதனால் பயணத்தை இன்றிரவுக்குத் தள்ளிப்போட்டார். கவனமான மனிதர். பல் துலக்கும்போதுகூடத் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் துலக்குபவர்.

ஒரு நாள் மிஞ்சியது. அது எங்களுடையது என்று கொஞ்ச நேரம் நினைத்திருந்தேன். அதற்குள் புவனா சின்னம்மாவின் தொலைபேசி.

சின்னம்மா என் மாமியின், அதாவது ஆரூரனின் அம்மாவின், தங்கை. நுவரெலியாவில் ஆசிரியை. முழங்கால் வருத்தத்தால் கலியாணத்துக்கு வரவில்லை. புதுமணத் தம்பதியை ஒவ்வொரு சொந்தமும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்க வேண்டும். மற்ற எல்லோரும் வைத்து முடித்துவிட்டார்கள்.

"என்ர வீட்டுச் சோத்தில கை வைக்காமல் பிளேன் ஏறிடுவியோடா? நீ அடுத்த முறை வரேக்க நான் சுவரில படமாத் தொங்குவன். அப்ப வந்து படத்துக்குப் படை!"

"சின்னம்மா, நாளைக்கு இரவு பிளேன்..."

"அதுதானே! இஞ்சையிருந்து கட்டுநாயக்கா எயாப்போட்டுக்கு இறக்கம். உருண்டாலும் போய்ச் சேருவாய்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாடகை வான் ஒன்றில் வெளிக்கிட்டோம். கண்டி தாண்டி வளைவுகள். காது அடைத்தது. ஆரூரன் எனக்கொரு ரொபி உரித்துத் தந்தார். "பிளேனிலயும் இப்பிடித்தான் இருக்கும். எச்சிலை விழுங்கும், காது திறக்கும்" என்றார். கொஞ்சம் பெருமையாக. நான் இதுவரை விமானம் ஏறியதில்லை.

இரவு விருந்து. கோழி, கத்தரிக்காய்ப் பால்கறி, சவ்வரிசிப் பாயாசம். ஆரூரன் பாயாசத்தைத் தள்ளிவைத்தார். இடுப்பைச் சுற்றிப் பட்டி கட்டி இறுக்குவதுபோல் இருக்கிறதாம்.

"கடலுக்குள்ள கிடந்து ஊறினால் உளையாதோ? குளிர் பிடிச்சிட்டுது" என்று சின்னம்மா தைலம் கொண்டுவந்தார். எனக்கும்தான் இடது தோள் உளைந்தது. சிலிண்டர் பாரம்.

காலையில் அவர் என்னை எழுப்பினார். சிரித்துக்கொண்டுதான் எழுப்பினார்.

"சாம்பவி, என்ர காலைக் காணேல்ல."

போர்வைக்குள் தேடினேன். உண்மையாகவே தேடினேன். கால் இருந்தது. இரண்டும் இருந்தன. நான் பிடித்தது அவருக்குத் தெரியவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தார். நனைந்த துணி கொடியிலிருந்து விழுவதுபோல் விழுந்தார். விழுந்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அதை எடுத்துவிட அவருக்கு மறந்துவிட்டது.

இங்கே இருக்கும் டொக்டர் என் வயதுக்காரி. இந்த மலைப்பக்கத்துத் தமிழ்.

"எப்ப பிளேன்ல வந்தீங்க?"

"பிளேன் ஏறேல்ல டொக்டர். ஏறக்கூடாதெண்டுதான் ஒரு நாள் பொறுத்தனாங்கள்."

"பொறுத்தீங்க, சரி. எங்க வந்து பொறுத்தீங்க?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை.

"பிளேன் முப்பதாயிரம் அடியில பறந்தாலும் உள்ளுக்குள்ள காத்த இந்த ஊரு அளவுக்குத்தான் அடைச்சு வச்சிருப்பாங்க. அந்தக் காத்தும் இந்த வார்டுல இருக்கிற காத்தும் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க. றெக்கையில ஏறினா என்ன, டயர்ல ஏறினா என்ன? ஒடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

யன்னலைப் பார்த்தேன். தோட்டம், வேலி, வேலியில் காயப்போட்ட ஒரு சிவப்புத் துவாய். இவ்வளவும் தரையில் இருந்தன.

குமிழிகள் முள்ளந்தண்டில் அடைத்திருக்கின்றன என்கிறார். ஒட்சிசன் கொடுத்தபடி கீழே இறக்க வேண்டும். திருகோணமலையில், துறைமுகப் பக்கத்துக் கடற்படை முகாமுக்குள், அதற்கென்று ஓர் அழுத்த அறை இருக்கிறது.

நடப்பாரா என்று கேட்டேன்.

"முதல்ல எறக்குவோம்" என்றார்.


யூன் 11, பிற்பகல்

மாத்தளைக்கு அப்பால் எங்கோ. அம்புலன்ஸ் நிற்கிறது. ஒட்சிசன் சிலிண்டர் மாற்றுகிறார்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் மெய்யியல் படித்தேன். காரணமும் விளைவும் என்று ஒரு முழுத் தவணை. நெருப்பு, புகை. மேகம், மழை. ஒரு சாப்பாட்டு அழைப்பு, இரண்டு கால்கள்: அப்படி யாரும் கரும்பலகையில் எழுதவில்லை.

சின்னம்மா அம்புலன்ஸுக்குள் ஒரு பார்சலைத் திணித்துவிட்டார். நேற்றைய கோழி. வாசம் வருகிறது. ஆரூரன் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"பசிச்சால் நீர் சாப்பிடும்."

அதைக் கேட்டு அழுகை வந்தது. வெளியே பார்த்துக்கொண்டு அழுது முடித்தேன்.


யூன் 12, திருகோணமலை

நேற்றுப் பின்னேரம் வந்துசேர்ந்தபோது முகாம் வாசலில் மாமி எங்களுக்கு முன்பே நின்றார். வெயில். குடை இருந்தது, விரிக்கவில்லை. அடையாள அட்டையைக் காவலாளியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். "இந்த வாசலுக்குள்ள நான் ஒருநாளும் வந்ததில்லை. சண்டைக் காலத்தில..." என்றார். எங்கள் ஊரில் இப்படி நின்றுபோகும் வசனங்கள் உண்டு.

அழுத்த அறை என்றதும் ஓர் அறையை நினைத்திருந்தேன். அது அறை இல்லை. தண்ணீர் கொண்டுவரும் பௌசரின் தொட்டியைக் கழற்றி ஒரு மண்டபத்துக்குள் வைத்ததுபோல் இருந்தது. வெள்ளைப் பூச்சு. பக்கவாட்டில் வட்டக் கண்ணாடி. உள்ளே ஒரு படுக்கை, இரண்டு கதிரை.

அதை இயக்குபவர் பண்டார என்றொரு கடற்படைக்காரர். தமிழைத் துண்டு துண்டாகப் பொறுக்கிப் பேசுகிறார்.

"நங்கி, தங்கச்சி, பயம் வேணாம். இது கடல். தண்ணி மட்டும் இல்லை."

ஆரூரனைத் திரும்ப ஆழத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். அழுத்தம் கூட்டினால் குமிழி சுருங்கும். பிறகு மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவார்கள். இவ்வளவு மெதுவாக வந்திருக்க வேண்டியவர், ரொபி சப்பிக்கொண்டு ஒரே மூச்சில் மலை ஏறினார்.

கதவு மூடியது. காற்றுப் புகும் சத்தம். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கை. மரத்துப்போயிருந்தது, அம்புலன்ஸ் வாங்கில் அதன்மேல் படுத்திருந்தேன்.

"கடவுளே, நீயாவது எழும்பி நிக்கிறாய் பிள்ளை. நீயும் படுத்தியெண்டால் நான் ஆரைப் பாக்கிறது? ஆர் எனக்கு இங்கிலீசில சொல்லுறது?"

அந்த நேரம்தான் இங்குள்ள வைத்தியர் கோப்போடு வந்தார். ஆங்கிலத்தில் கேட்டார், நீங்களும் சுழியோடினீர்களா என்று.

ஓம்.

உங்களுக்கு ஏதாவது? உளைவு, விறைப்பு, தலைச்சுற்று?

இல்லை.

"என்னவாம்?" என்றார் மாமி.

"எனக்கொண்டும் இல்லையாம், மாமி."


யூன் 13

அவருடைய வலது கால் பெருவிரல் அசைந்தது. அல்லது போர்வை அசைந்தது.


யூன் 14

வீட்டுக்கும் முகாமுக்கும் இடையில் ஓட்டோ. காலையில் கஞ்சி, மத்தியானம் இரண்டு பேருக்குச் சோறு, அவர் இடுப்பில் கட்டும் சாரங்கள் தோய்ப்பது. சாரம் பிழியும்போது கை வழுக்குகிறது. சவர்க்காரம் கூடிவிட்டது.

ஆட்கள் வருகிறார்கள். வாசலிலேயே முகத்தைத் தயார்செய்துகொண்டு வருகிறார்கள். முன்வீட்டு அன்ரி எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

"கடல் பிடிச்சிட்டுது. புது மாப்பிள்ளை, மஞ்சள் காயேல்ல, அங்க ஏன் போறது?"

"கடலுக்குள்ள ஒண்டும் நடக்கேல்ல அன்ரி. மலையில ஏறினதாலதான்."

"மலையில நாங்களும்தான் ஏறுறம். எங்களுக்குக் கால் போகுதோ?"

மாமி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். "உமக்கு வாய்தானே எல்லா வேலையும் செய்யுது, காலுக்கென்ன குறை" என்றார். அன்ரி பாதியில் எழுந்து போய்விட்டார். மாமி அந்தக் கோப்பையைத் தானே குடித்து முடித்தார்.

பின்னேரம் சின்னம்மா தொலைபேசியில். அழுகிறார். இனி உலை வைக்கமாட்டாராம், பாண் வாங்கித்தான் சாப்பிடுகிறாராம்.

"நான் சமைச்ச சோறு பிள்ளை... அவன் வேண்டாமெண்டுதான் இழுத்தவன். களைப்பா இருக்கு, பேந்து பாப்பமெண்டவன். நீர்தானே போனை வாங்கி, வாறம் சின்னம்மா எண்டு சொன்னனீர். எனக்கு எவ்வளவு சந்தோசம்..."

பருப்பு அடிப்பிடித்துவிட்டது, வைக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உண்மையாகவே அடிப்பிடித்திருந்தது. சட்டியை ஊறப்போட்டேன்.


யூன் 15

இந்த வீட்டில் எந்த அறைக்கும் தாழ்ப்பாள் இல்லை. கலியாணத்துக்கு வந்த சொந்தம் பாதி இன்னும் போகவில்லை. நுவரெலியாவுக்குப் போன அந்த வானின் பின் இருக்கையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஆறு மணித்தியாலம், ஒருவரும் கதவைத் தட்டாமல்.

ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை.


யூன் 16

அவரை இப்போது அறைக்கு வெளியே, முகாம் வைத்தியசாலைக் கட்டிலில் வைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒருதடவை உள்ளே கொண்டுபோகிறார்கள். இடுப்புக்கு மேலே உணர்வெல்லாம் திரும்பி வந்துவிட்டது. வலது காலில் சூடு தெரிகிறது, குளிர் தெரியவில்லை. இடது காலில் ஒன்றும் இல்லை. சிறுநீருக்குக் குழாய்.

அவர் உடம்பை நான் வெளிச்சத்தில் முதலில் பார்த்தது இங்கேதான், ஒரு தாதி துணியை விலக்கியபோது. தொடையில் ஒரு பழைய தழும்பு. எப்படி வந்தது என்று கேட்டேன். சைக்கிள் என்றார். எந்த வயதில் என்றேன். அவர் சொல்லச் சொல்ல, எனக்கு ஒரு மனிதரைத் துண்டு துண்டாகக் கையில் தருகிறார்கள் போலிருந்தது.

பிறகு:

"சாம்பவி, ஒரு விசயம் கதைக்கோணும்."

"கதையுங்கோ."

"நான் எழும்பாட்டி..."

"எழும்புவீங்கள்."

"எழும்பாட்டி எண்டுதான் சொல்லுறன். கேளுமன். உமக்கு இன்னும் விசாவுக்கும் போடேல்ல. கலியாணம் முடிஞ்சு ஐஞ்சு கிழமை. நீர் போனால் ஆரும் உம்மைக் குறை சொல்லமாட்டினம். நான் சொல்லவும் விடமாட்டன்."

கட்டிலின் இரும்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒத்திகை பார்த்த வசனம். எத்தனை மணி இதைத் தனக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்தாரோ.

எனக்கு வந்தது கோபமா? தெரியாது. யாரோ என்னை ஒரு வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டு அதே கையால் கதவைக் காட்டியதுபோல்.

"இப்ப மூத்திரப் பை நிறைஞ்சிட்டுது. அதை மாத்துவம். அதுக்குப் பிறகு டிவோர்சைப் பாப்பம்" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. தாதி ஓடிவந்து எட்டிப் பார்த்தார். நான் பையைக் கழற்றினேன். ஒரு கையால். கொஞ்சம் சிந்திவிட்டது. துடைத்தேன்.


யூன் 18

பிளாஸ்க் மூடி விழுந்தது. நேற்றுச் சீப்பு. அதற்கு முதல் நாள் மாமியின் கண்ணாடிக் கிண்ணம், நல்லவேளை உடையவில்லை.

நித்திரை இல்லாவிட்டால் கை இப்படித்தான் இருக்கும்.

இடது முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. தட்டினேன். பார்த்தால் எறும்பு இல்லை.

ஓட்டோவிலிருந்து இறங்கும்போது படி ஒன்று குறைவதுபோல் இருந்தது. ஓட்டோக்காரர் "பாத்து அக்கா" என்றார். தரை அதே இடத்தில்தான் இருந்தது.

மாமி இன்றைக்கும் சொன்னார், வந்திருந்தவர்களிடம்: "என்ர மருமகள் இல்லாட்டி நான் எப்பவோ படுத்திருப்பன். அவதான் தூண்."

தூண் போய்ப் பாத்திரம் கழுவியது.


யூன் 20

நின்றார்.

இதை இன்னொருமுறை எழுதுகிறேன். நின்றார்.

பண்டார ஒரு பக்கம், தாதி ஒரு பக்கம். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. வலது கால் பாரத்தை வாங்கியது. இடது கால் வாங்குவதுபோல் நடித்தது. முகம் வெளிறி, வியர்த்து, வாயைத் திறந்துகொண்டு, ஒரு குழந்தையைப்போல் தன் கால்களையே பார்த்தார்.

மாமி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட்டார். பார்க்கமாட்டாராம்.

"நிண்டிட்டானோ?" என்று சுவரிடம் கேட்டார்.

"நிக்கிறார் மாமி. திரும்புங்கோ."

"விழுந்திடுவான். நான் திரும்பினால் விழுந்திடுவான். நீ பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். ஒரு அடி. இன்னொன்று, அது இழுபட்டது. பண்டார சிங்களத்தில் ஏதோ கூவினார். கப்பல் கரைசேரும்போது கூவுவார்களாக்கும். மாமி திரும்பினார். அந்தக் கடற்படைக்காரரின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு பேருக்கும் கூச்சம். உடனே கையை எடுத்துக்கொண்டார்கள்.

வைத்தியர் சொல்கிறார்: நடப்பார். ஒருவேளை ஊன்றுகோலோடு. பறப்பதைப் பற்றி இப்போதைக்குக் கேட்கவே வேண்டாம்.

எனக்குச் சந்தோசம் வர வேண்டும். வந்தது. ஆனால் தூரத்து வீட்டு வானொலிபோல், எங்கோ கேட்டது.

நின்ற களைப்பில் அவருக்குச் சேர்ட் மாற்ற வேண்டியிருந்தது. பொத்தான் போட்டேன். மேல் பொத்தான் வரவில்லை. இடது விரல்கள் துணியைப் பிடிக்கின்றனவா இல்லையா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. வலது கையாலேயே போட்டு முடித்தேன்.

நிமிர்ந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை" என்றார். அவர் சொன்னால் அது நான் சொல்வதுபோலவே இருக்கிறது.


யூன் 21

காலையில் மாமி என்னைப் பிடித்திருத்தித் தலைக்கு நல்லெண்ணெய் வைத்தார். "சூடு ஏறிப்போச்சு, அதுதான் உனக்குக் கை கால் ஓடேல்ல" என்று.

முற்பகல் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். இப்போது படுப்பதில்லை, கதிரையில் இருக்கிறார். நான் வழக்கம்போல வட்டக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். சத்தம் ஒன்றும் வராது. அவர் உதடு அசைந்தால் எனக்கு விளங்காது, என்னுடையது அவருக்கு விளங்காது. அதனால் அந்தக் கண்ணாடியடியில் நிற்பது எனக்கு வசதியாக இருந்தது.

அவர் முகமூடியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்குக் கிட்ட வந்தார். வலது கையைத் தூக்கினார். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு வட்டம். மற்ற விரல்கள் நிமிர்ந்து.

கடலுக்குள் அது கேள்வி. சுகமா? பதிலும் அதே வட்டம்தான். பழகிய முதல் நாளே சொல்லித் தந்தார்கள்: கூட இறங்கியவர் கேட்டால் பதில் சொல்லாமல் திரும்பக்கூடாது.

வலது கையால் வட்டம் காட்டினேன். சிரித்தும் காட்டினேன்.

அவர் தலையாட்டினார். இல்லை. விரலால் காட்டினார். மற்றக் கை.

சுற்றிப் பார்த்தேன். மாமி வாங்கில் பிரார்த்தனைப் புத்தகத்தோடு. பண்டார மணிக்கூடுகளைப் பார்த்தபடி. யாரும் பார்க்கவில்லை. இடது கையைத் தூக்கினேன். தோள் வரை வந்தது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்க்கச் சொன்னேன், எனக்குள், சத்தமாக. பெருவிரல் கொஞ்சம் நகர்ந்தது. சுட்டுவிரல் ஏதோ வேறு யாருடையதோ. இடையில் ஒரு இடைவெளி. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வட்டம் மூடவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். விழுந்த அன்றைக்குக்கூட இப்படி இருக்கவில்லை.

அவர் சுவரைக் குத்தத் தொடங்கினார். அந்தச் சத்தம் மட்டும் வெளியே வந்தது. பண்டார ஒலிபெருக்கியைப் போட்டார். அதிலிருந்து ஆரூரனின் குரல், தகரத்துக்குள் இருந்து வருவதுபோல்:

"அவவைப் பாருங்கோ! என்னை விட்டிட்டு அவவைப் பாருங்கோ! அவவும் வந்தவ, என்னோட இறங்கினவ, என்னோட ஏறினவ!"

மாமியின் புத்தகம் விழுந்தது.

வைத்தியர் வந்தார். ஊசி முனையால் கையைத் தொட்டுக் கேட்டார், தெரிகிறதா. எந்த இடத்தில் தொட்டீர்கள் என்று நான் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றேன். நேராகத்தான் நின்றேன். கண்ணைத் திறந்தபோது பண்டாரவின் கைகளில் இருந்தேன்.

எப்போதிருந்து, என்றார் வைத்தியர்.

தோள் விருந்தன்றைக்கு. கை அம்புலன்ஸில். கால்... கால் என்று சொல்ல வாய் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஓட்டோப் படி. எறும்பு. நான் இந்தப் பத்து நாளும் ஒன்றை மட்டும் எழுதாமல் மற்ற எல்லாவற்றையும் எழுதிவந்திருக்கிறேன்.

நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை, என்றார் வைத்தியர்.

பதில் தெரியும். மாமி பக்கத்தில் நின்றார். அவரைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. ஆங்கிலம் தெரியாதவருக்கு அது மட்டும் விளங்கியது.

"அடி விசரி" என்றார். குரல் மிகவும் மெதுவாக. "நீயும் படுத்தால் ஆரைப் பாக்கிறதெண்டு சொன்னன். அது... அது ஒரு பயத்தில சொல்லுறதெல்லோ. அதுக்கு நீ பத்து நாளாக் கையை ஒளிச்சுக்கொண்டு திரிவியே? சாரம் தோய்ச்சனி. சோறு வடிச்சனி. என்னை என்னெண்டு நினைச்சனி? ரெண்டு பேரையும் பாக்க எனக்குக் கை இல்லையோ?"

பிறகு என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அது அங்கே இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பிந்திவிட்டது என்கிறார் வைத்தியர். எவ்வளவு திரும்பும் என்று சொல்லமாட்டாராம். ஆனாலும் பிந்தியாவது போக வேண்டும். இப்போதே. கதிரை இரண்டு இருக்கிறது. ஆரூரனை மேலே கொண்டுவந்து, என்னையும் ஏற்றி, இரண்டு பேரையும் சேர்த்து இறக்குவார்கள்.

எனக்குக் கால் நடுங்குகிறது. இதைப் பயம் என்று எழுதுகிறேன். பயமாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். இனி நான் தீர்மானிக்கப்போவதில்லை.

மிச்சத்தை இரவு எழுதுகிறேன். தலையில் எண்ணெயோடு உள்ளே விடமாட்டார்கள். ஒட்சிசன் இருக்கும் இடம், தீப்பிடிக்கும். மாமி என்னைக் குழாயடியில் குனிய வைத்து இரண்டு தரம் தேய்த்துக் கழுவிவிட்டார். ஈரத்தைத் துவட்டினேன். அவர்கள் தந்த பருத்திச் சட்டையைப் போட்டேன். உள்ளே போய் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.